ஏழு இருக்கை ஆடம்பர எஸ்யூவி: குடும்பத்தோடு ஏறிப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கொழிஞ்சாம்பாறைத் தோப்பு:

வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதன் ரசிகர்கள் ஒரு பக்கம், எதிராளிகள் ஒரு பக்கம் என்று பஞ்சாயத்து தொடங்கிவிடும். ஏழு இருக்கை, பெட்ரோல், ஆன்-ரோடு விலை கோடியைத் தாண்டும். அது போதும். கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாக டெஸ்ட் டிரைவுக்கு வீட்டுக்கே கொண்டுவந்தார்கள்.

ஓட்டியதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. தேங்காய் லாரி ஒன்று ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல் எதிரே வந்து உரசுகிற தூரத்தில் கடந்தது. உள்ளே இருந்த எங்களுக்கு அது எங்கேயோ அடுத்த தெருவில் போவது போலத்தான் கேட்டது. திரும்பி வந்து, அம்மாயியையும் ஒரு சுற்று கூட்டிப் போகலாம் என்று கதவைத் திறந்தேன்.

அங்கேதான் சிக்கல். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, முழங்கால் மடங்காது. கதவருகே நின்று இருக்கையை அண்ணாந்து பார்த்தார். கழுத்துப்பட்டை கட்டிய விற்பனைப் பையன், “பாட்டி, இந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது காலை வையுங்கள்” என்றான். எங்கே வைப்பது? ஃபுட்போர்டு தனிக் கட்டணமாம், இந்த வண்டியில் போடவில்லையாம். கடைசியில் என் மனைவி தொழுவத்துக்குப் போய், பால் கறக்கும் முக்காலியை எடுத்து வந்து போட்டாள். சாணி காய்ந்த முக்காலி, பளபளக்கும் கதவு, நடுவில் அம்மாயியின் கால். “வாசற்படி வைக்காமல் வீடு கட்டினவன் யாரடா?” என்று கேட்டுக்கொண்டே ஏறினார். பையன் சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமலும் இருக்க முடியாமல் நின்றான்.

முன்பணம் இன்னும் கட்டவில்லை. மற்ற எல்லாம் பிடித்திருக்கிறது. ஆனால் முக்காலி கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. வயதானவர்களை வைத்துக்கொண்டு இந்த வகை வண்டி ஓட்டுகிறவர்கள் எழுதுங்கள்.

வாளையாற்றுக் காற்று:

அண்ணா, அந்த விலை வண்டிகளில் ஏர் சஸ்பென்ஷன், அதாவது காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு, பலவற்றில் உண்டு. நிறுத்தியதும் வண்டியைத் தாழ்த்தலாம். சிலவற்றில் பின்பக்கத்தை மட்டும் இறக்க டிக்கிக்குள் பொத்தான் இருக்கும். உங்களுக்கு வந்த வண்டியில் அது இருந்ததா, இருந்தும் பையனுக்குத் தெரியவில்லையா என்று முதலில் கேளுங்கள். உயரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

என் கவலை மேலே இருக்கிறது. கண்ணாடிக் கூரை. என் நாத்தனார் வீட்டு வண்டியில் ஒரு முகூர்த்தத்துக்குப் போனோம். ஏப்ரல் மாதம், பாலக்காட்டு வெயில், மண்டப வாசலில் நிழல் என்று பேருக்குக்கூட இல்லை. கூரையின் திரையை யாரோ திறந்தபடியே விட்டுவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து மகனைக் குழந்தை இருக்கையில் உட்கார வைத்து பெல்ட் மாட்டினேன். மாட்டிய மறுகணம் அவன் அலறினான். பெல்ட்டின் உலோகக் கொக்கி தொடையில் பட்டு, சதுரமாகச் சிவந்திருந்தது. குளிர்காற்று வீசும் இருக்கை என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்தக் காற்று முன்னால் இருக்கும் இரண்டு பேருக்குத்தான். குழந்தைக்கு ஏது?

மலைநாட்டில் இருப்பவர்களுக்குக் கண்ணாடிக் கூரை அழகு. கணவாய்க்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு, திரை தடித்த துணியா மெல்லிய வலையா என்று தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நகரித் தறி:

முக்காலி போட்டாவது ஏறிவிட்டார்களே! என் மாமனார் இறங்கிய கதையைக் கேளுங்கள்.

திருமலைக்குப் போகிறவர்களுக்கு அலிபிரி சோதனை தெரியும். எல்லாரும் பையோடு இறங்கி ஒரு வரிசையில் போக வேண்டும். ஓட்டுகிறவர் மட்டும் வண்டியோடு போவார். எங்கள் வண்டியில் மாமனார் மூன்றாம் வரிசையில். புது வண்டி, வீட்டிலேயே ஏறிக்கொண்டார், வழியில் இறங்கவே இல்லை. அவர் இறங்க வேண்டுமானால் அவருக்கு முன்னால் இருக்கும் நடுவரிசை இருக்கையை மடக்கி நகர்த்த வேண்டும். அதில் குழந்தை இருக்கை பூட்டியிருக்கிறது. அதைக் கழற்றாமல் எங்கள் வண்டியில் அது மடங்காது. பின்னால் ஜீப்புகளும் பஸ்களும் ஹாரன் அடிக்கின்றன.

டிக்கியைத் திறந்தோம். மூன்றாம் வரிசையின் மறுபாதியைச் சாய்த்தோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மேல்துண்டு இல்லாமல் வாசலுக்குக்கூட வராதவர், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மண்டியிட்டுப் பின்பக்கமாக வெளியே வந்தார். காவலர் ஓடி வந்து “மெல்லகா, பெத்தாயனா” என்று தோளைப் பிடித்துக்கொண்டார். மாமனார் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மலை ஏறும்வரை பேசவும் இல்லை.

ஷோரூமில் அந்த மூன்றாம் வரிசையை எங்களுக்குக் காட்டிய விதம் இன்னும் நினைவிருக்கிறது. விற்பனையாளர் ஒல்லி ஆள். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்து காட்டினார்.

சித்தூர் கச்சேரிமேடு:

ஆந்திரச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர். மருமகன் வண்டி எடுத்தபோது நானும் ஷோரூமுக்குப் போனேன். காபி நன்றாக இருந்தது. வண்டியைப் பற்றி என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் இங்கே யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் 28 சதவீத வரியோடு எஸ்யூவிகளுக்கு 22 சதவீத செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்து 50 ஆக இருந்தது. ஆகவே பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு “தள்ளுபடி” என்று யாராவது சொன்னால், அது அரசு குறைத்ததா ஷோரூம் குறைத்ததா என்று பிரித்துக் கேளுங்கள். மின்சார வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். ஆனால் முழு வண்டியாகக் கப்பலில் வந்தால் சுங்க வரி விழுந்துவிடும். கியாவின் ஆலை ஆந்திரத்தில் பெனுகொண்டா பக்கம்தான் இருக்கிறது. இருந்தும் அவர்களுடைய இவி9 கொரியாவிலிருந்து முழு வண்டியாக வருவதால் 2024-இல் வந்தபோதே கோடியைத் தாண்டியது. பிஎம்டபிள்யூ எக்ஸ்7 மாதிரி சென்னைக்கு அருகே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டும் வண்டிகளின் கணக்கு வேறு.

அடுத்தது சாலை வரி. 20 லட்சத்துக்கு மேல் போகும் பெட்ரோல் வண்டிக்குக் கேரளத்தில் 22 சதவீதம், தமிழ்நாட்டில் 20. கோடி ரூபாய்க்கு இரண்டு லட்சம் வித்தியாசம். இதற்காகப் பொள்ளாச்சியில் இருக்கும் மைத்துனன் முகவரியில் பதிவு செய்யலாம் என்று நம் ஊரில் பலர் யோசிக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவைப் படியுங்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் மறுபதிவு செய்ய வேண்டும். 2017-இல் புதுச்சேரி முகவரியில் பதிவான ஆடம்பரக் கார்கள் கேரளத்தில் எவ்வளவு பெரிய வழக்காயின என்பதை மறந்துவிடாதீர்கள். மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டாத பிஎச் வரிசை எண் எல்லாருக்கும் கிடைக்காது. அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும்தான். 10 லட்சத்துக்கு மேல் வாங்கினால் 1 சதவீதம் மூலத்தில் வரி வசூலிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ரசீதைத் தொலைக்காதீர்கள்.

பழைய வண்டி வாங்கலாமே என்று யாராவது சொன்னால், 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாகக் கடத்தி வந்ததாகச் சந்தேகித்த வண்டிகளைத் தேடிச் சுங்கத்துறை கேரளம் முழுவதும் நடத்திய சோதனையை நினைவுபடுத்துங்கள். முதல் பதிவு எங்கே என்று பார்க்காமல் பழைய எஸ்யூவி வாங்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறைத் தோப்பு:

ஐயா, நான் வரியைக் கேட்கவில்லை. நம் சித்தூர்ப் பதிவான கேஎல் 70 எண்தான் வரும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாயி ஏறுவதைப் பற்றிக் கேட்டேன்.

குமுளி ஏலத்தோட்டம்:

வாளையாற்றுக் காற்று அவர்களே, ஏர் சஸ்பென்ஷனை இவ்வளவு நம்பாதீர்கள். நீங்கள் சமவெளியில் இருக்கிறீர்கள்.

என் மச்சான் புது வண்டி எடுத்து, “நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்” என்று கூட்டிப்போனார். குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறக்கம். முன்னால் அக்காவும் குழந்தைகளும் நிறைந்துவிட்டதால் நான் மூன்றாம் வரிசை. முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது, அது போகட்டும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர, பின்னால் இருந்தவன் தூளியில் கிடப்பது போல ஆடினேன். கையில் எலுமிச்சம்பழம், அதை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறேன், அந்த ஜன்னல் திறக்காது. அப்போது உள்கண்ணாடியில் மச்சானின் கண்கள் தெரிந்தன. “எப்படி மிதக்கிறது பார்த்தீர்களா, மாப்பிள்ளை?” என்றார். மிதந்தது உண்மை. நான் தலையாட்டினேன். பேசியிருந்தால் வேறு ஏதாவது வெளியே வந்திருக்கும்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கிற டெஸ்ட் டிரைவால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மூன்றாம் வரிசை பின்சக்கரத்தின் மேலேயே இருக்கிறது. அங்கே விழும் ஆட்டம் வேறு. இந்த வண்டிகளில் கெட்டியான சவாரிக்கு ஒரு தேர்வு இருக்கும். மலையில் அதைப் போடுங்கள். பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் வண்டி என்றால் இன்னொன்று: நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிறைந்துவிட்டால், அதற்குமேல் அது மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது; அதன்பின் எஞ்சின் இழுவையும் பிரேக்கும்தான். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள், கரிந்த வாசனை வரும்.

பெயர் தேவையில்லை:

ஒரு கோடிக்கு முக்காலியும் எலுமிச்சம்பழமுமா? இன்னோவா ஹைகிராஸ் வாங்குங்கள். 2022 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தது. பழைய கிரிஸ்டா போல ஏணிச் சட்டத்தின் மேல் உடலை ஏற்றிய வண்டி அல்ல. உடலும் சட்டமும் ஒன்று. அதனால் தரை தாழ்வு, வயதானவர்கள் ஏறலாம். ஹைபிரிட்டுக்கு, வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஆராய் அமைப்பின் கணக்கு லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர். நீளம் 4.75 மீட்டர்தான். மிச்சப் பணத்தில் இன்னொரு தோப்பு வாங்கலாம்.

வாளையாற்றுக் காற்று:

அவர் கேட்டது எந்த வண்டி மலிவு என்று அல்ல. எல்லாத் திரியிலும் ஒருவர் வந்து இன்னோவா என்று எழுதிவிட்டுப் போகிறார். அவர்களுக்கு யாராவது கமிஷன் கொடுக்கிறார்களா தெரியவில்லை. தரை தாழ்வு என்பது மட்டும் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

குமுளிக்காரரே, சமவெளி என்று சொன்னதைத் திரும்பப் பெறுங்கள். நான் வால்பாறையில் வாழ்க்கைப்பட்டவள். நாற்பது கொண்டை ஊசி வளைவையும் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மீனாட்சிபுரம் ஓட்டுநர்:

நான் முதலாளி வண்டி ஓட்டுகிறேன். இங்கே பேசுகிறவர்களில் தினமும் இந்த ரக வண்டியில் உட்காருகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அதனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். ஏறுவது, இறங்குவது, குலுங்குவது எல்லாம் பேசினீர்கள். வண்டியின் அகலத்தை யாரும் பேசவில்லை.

முதலாளியை விமான நிலையத்தில் விட விடியற்காலையில் கிளம்பினேன். அது கள்ளு வண்டிகள் கிளம்பும் நேரம். சித்தூர்த் தோப்புகளில் இறக்கிய கள்ளை வெளி மாவட்டங்களுக்கு ஏற்றிப் போகும் பிக்கப்கள். அவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு, புளிப்பு ஏறிவிடும். வாய்க்கால் கரைச் சாலையில் ஒன்று எதிரே வந்தது. நான் இடப்பக்கம் ஒதுங்கினேன்; அதற்குமேல் ஒதுங்கினால் வாய்க்கால். திரையில் வண்டியை மேலிருந்து பார்ப்பது போலப் படம் வருகிறது, நான்கு பக்கமும் மஞ்சள் கோடு, கூவல். எல்லாம் சரிதான். கோடு சிவப்பானதும் நான் என்ன செய்ய? பிக்கப்காரர் நிறுத்தவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, எங்கள் பக்கக் கண்ணாடியைத் தானே உள்பக்கம் மடக்கிவிட்டு, ஒரு சிரிப்போடு போய்விட்டார். கண்ணாடி மறுபடி விரிந்துகொள்ள ஒரு நொடி ஆனது. முதலாளி பின்னால் தூக்கத்தில் இருந்தார்.

இந்த வண்டிகள் கண்ணாடிகளை விட்டுவிட்டே ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலம். தேசிய நெடுஞ்சாலை 544-இல் ராஜா, குதிரான் சுரங்கத்தில் வழிக்கோட்டைப் பிடித்துக்கொண்டு தானே போகும், நானே ரசித்திருக்கிறேன். தோப்புக்காரரே, உங்கள் வீட்டுச் சந்தில் திரும்புமா என்று சாலைக்குப் போகும் முன் பாருங்கள். கண்ணாடியை மடக்க ஒவ்வொரு முறையும் கள்ளு வண்டிக்காரர் வர மாட்டார்.

அம்மாயி விஷயத்துக்கு: ஃபுட்போர்டு போட்டால் ஏறுவது எளிது, ஆனால் அகலமான ஃபுட்போர்டு இறங்கும்போது கெண்டைக்காலில் இடிக்கும், சேலையில் சேறு படும். இரண்டும் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நடுவரிசை இடப்பக்கத்தை அவருக்கு நிரந்தரமாக ஒதுக்குங்கள். நகரிக்காரரே, உங்களிடம் ஒரு கேள்வி: குழந்தை இருக்கையை எந்தப் பக்கம் பூட்டியிருந்தீர்கள்? ஓட்டுநருக்குப் பின்னால் பூட்டினால் இடப்பக்கக் கதவு வழியாக மூன்றாம் வரிசைக்குப் போய்வர வழி திறந்தே இருக்கும்.

நகரித் தறி:

இடப்பக்கம். மகள் மரங்களைப் பார்க்க வேண்டுமென்று அடம். இப்போது வலப்பக்கம் மாற்றியாகிவிட்டது. மாமனாரை மூன்றாம் வரிசைக்கு அனுப்பும் துணிவு எனக்கு இல்லை. அவர் நடுவரிசை இடப்பக்கத்தில் மேல்துண்டோடு உட்காருகிறார். பைகளுக்கு நடுவில் பின்னால் உட்காருவது நான். ஓட்டுவது என் மனைவி. வண்டி மிகவும் சுகமாக இருக்கிறது என்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.