பிட்யூட்டரி அறுவை சிகிச்சைக்குப் பின் மூக்கில் பொருக்கும் வாசனை இழப்பும்: எப்போது சரியாகும்?

கேள்வி: திருச்சி வாசகி

எனக்கு வயது 46. பார்வை மங்கியதால் எடுத்த எம்.ஆர்.ஐ.யில், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருப்பது தெரியவந்து, ஏழு வாரங்களுக்கு முன்பு எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) மூலம் மூக்கு வழியாகவே அதை அகற்றினார்கள். பார்வை திரும்பிவிட்டது, ஹார்மோன் அளவுகளும் சரியாக இருக்கின்றன. மூக்குதான் என்னைப் படுத்துகிறது. காலையில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பழுப்பும் பச்சையுமாகக் காய்ந்த பொருக்கு வருகிறது. இரவில் தொண்டைக்குள் சளி இறங்குவதால் இரண்டு முறையாவது எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. போன வாரம் பால் பொங்கி, அடிப்பிடித்து, கருகும்வரை பக்கத்து அறையில் இருந்த எனக்குத் தெரியவில்லை. மாடியிலிருந்து மகன் ஓடிவந்து அடுப்பை அணைத்தான். மருத்துவரோ, கட்டி போய்விட்டது, மூக்கு தானாகச் சரியாகும் என்று முடித்துக்கொண்டார். மாமியார் ஆவி பிடிக்கச் சொல்கிறார். இது எவ்வளவு காலம் நீடிக்கும்?

பதில் 1: மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே அறுவை செய்துகொண்டவர்

சகோதரி, எனக்கும் கட்டியைவிட மூக்குதான் அதிகம் தொல்லை கொடுத்தது. இரண்டாவது மாதம் முடியும்வரை பொருக்கு வந்தது. அதைப் பிய்த்தெடுக்கும் ஆசை வரும். பிய்த்தால் இரத்தம் கசிந்து, அதே இடத்தில் புதிய பொருக்கு கட்டும் என்பதை மூன்று முறை பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தனியாகப் போய், எண்டோஸ்கோப் வைத்து இரண்டு முறை சுத்தம் செய்த பிறகே இரவில் தூங்க முடிந்தது. இந்த அறுவைக்குப் பின் சிறுநீர் அதிகமாகப் போவதைக் கட்டுப்படுத்த மூக்கில் அடிக்கும் மருந்து எடுத்துக்கொள்பவர்கள், மூக்கு அடைத்திருந்தால் அது சரியாக உறிஞ்சப்படாது என்பதை மருத்துவரிடம் சொல்லி மாத்திரைக்கு மாறலாமா என்று கேட்பது நல்லது.

பதில் 2: காது மூக்கு தொண்டை மருத்துவர்

அம்மா, 1907-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் என்னும் அறுவை மருத்துவர் மூக்கு வழியாக முதன்முதலில் பிட்யூட்டரியை அடைந்தபோது, மூக்கையே வெட்டி ஒருபுறம் மடித்துத்தான் உள்ளே போனார். இன்று வெளியே ஒரு தழும்பும் இல்லை என்பதால், உள்ளே இருக்கும் காயத்தை நோயாளியும் சில நேரம் மருத்துவரும் மறந்துவிடுகிறார்கள். மூக்கின் நடுச்சுவரின் பின்பகுதியையும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீனாய்டு என்னும் காற்றறையின் முன்சுவரையும் அகற்றித்தான் கட்டியை எட்ட முடியும். சவ்வு இல்லாத எலும்பின் மீது புதிய சவ்வு வளர்ந்து மூடும்வரை பொருக்கு கட்டும். பெரும்பாலானோருக்கு முதல் சில வாரங்கள் மிக மோசமாகவும், மூன்று மாத அளவில் ஏறத்தாழ பழைய நிலையாகவும் இருக்கும். ஆனால் மூளையைச் சூழ்ந்திருக்கும் மூளை நீர் கசியாமல் இருக்க நடுச்சுவரின் சவ்வை உரித்துத் துளையை மூடியிருந்தால், சவ்வை இழந்த குருத்தெலும்பு ஆற இன்னும் சில மாதங்கள் ஆகலாம். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் அது எழுதப்பட்டிருக்கும், பாருங்கள்.

ஆவி வேண்டாம், சூடு பட்டு இரத்தம் கசியலாம். உங்கள் அறுவை மருத்துவர் அனுமதித்தால், உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதே முக்கியமான வேலை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்பு போதும். போர் தண்ணீரோ, வடிகட்டி இயந்திரத்துத் தண்ணீரோ அப்படியே கூடாது; கொதிக்க வைத்து ஆறிய நீர் மட்டுமே. 2024-இல் கேரளத்தில் உயிர்களைப் பறித்த அமீபா மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது.

மூக்குத் தொல்லைகளை அளவிடும் ஸ்னாட்-22 என்னும் வினாத்தாளையும் நிரப்பிக் கொண்டுபோங்கள். 22 கேள்விகளுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 110. மூக்கடைப்போடு தூக்கமின்மை, சோர்வு, மனச்சோர்வு ஆகியவற்றையும் அது கேட்பதால், மருத்துவர் அவற்றைத் தட்டிக்கழிப்பது கடினம்.

கேள்வி கேட்டவர்

நன்றி, டாக்டர். குனிந்து கோலம் போடும்போது வலது மூக்கிலிருந்து ஒருசில சொட்டு தண்ணீர் போல விழுகிறது. சளிதான் என்று விட்டுவிட்டேன்.

பதில் 3: காது மூக்கு தொண்டை மருத்துவர்

அம்மா, இதை நாளைக்குத் தள்ளாதீர்கள். கழுவிய நீர் ஸ்பீனாய்டு அறையில் தேங்கிப் பின்னர் விழுவதும் உண்டு. ஆனால் கழுவாத நாளிலும் ஒரே மூக்கிலிருந்து, குனியும்போது, நிறமற்று, உப்புக் கரிக்க விழுந்தால் அது மூளை நீராக இருக்கலாம். சளி பட்ட கைக்குட்டை காய்ந்ததும் விறைக்கும், மூளை நீர் பட்டது விறைக்காது என்பார்கள். அதை நம்பி முடிவு செய்ய வேண்டாம். சுத்தமான சிறு புட்டியில் பிடித்துக் கொடுத்தால் மூளை நீரில் இருக்கும் புரதத்தைத் தேடும் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனையில் உறுதியாகும். கசிவு நீடித்தால் மூளைக்காய்ச்சல் வரும் அபாயம் உண்டு. காய்ச்சலோ, கடும் தலைவலியோ, கழுத்து விறைப்போ இருந்தால் இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதுவரை மூக்கைக் கழுவவோ சிந்தவோ வேண்டாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

பதில் 4: வேறொரு வாசகர்

வாசனைக்கு ஒரு வார்த்தை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் ஆகிய நான்கையும் காலையிலும் மாலையிலும் சில நொடிகள் மென்மையாக முகரும் பயிற்சியை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்டார்கள். கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு தொடங்குங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். எனக்கு முதலில் திரும்பியது கிராம்பு, அதுவும் பாதி வாசனையாக. சமையல் எரிவாயுவுக்கு மணம் தருவதே அதில் கலக்கும் மெர்காப்டன்தான்; அதுவும் இப்போது உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இன்று காலை மூக்கைக் கழுவாமலே குனிந்து பார்த்தேன். நான்கு சொட்டு விழுந்தது. புட்டியில் பிடித்துக்கொண்டு கிளம்புகிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்து வைத்துவிட்டேன்.