யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை

கேட்டுக்கு இந்தப் பக்கம்:

சின்ன வயதிலிருந்து பேப்பரில் படித்துப் பழகிய வரி ஒன்று உண்டு. “மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.” திருட்டுச் செய்தி என்றால் கடைசிப் பத்தியில் இது இல்லாமல் இருக்காது. படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் இளக்காரம். ஓடி நிற்பதற்கு எதற்கு ஒரு வேன், இரண்டு போலீஸ்? போன வருஷம் வடசென்னையில், கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே திருட்டுப் போனபோதுதான் அந்த வரியைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டு விடியற்காலையில் வந்து கதவைத் திறந்தால் பீரோவை நெம்பியிருக்கிறார்கள். 9 சவரன். நான் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்புவதற்குள் தெருவே வீட்டுக்குள் இருந்தது. சித்தி இறைந்து கிடந்த புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அண்ணன் பீரோ கதவைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, “கடப்பாறதான், சந்தேகமே இல்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஒன்பது மணிக்கு நாய் வந்தது. டாபர்மேன். கூட வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். நாயை உடனே இறக்கவில்லை. குனிந்து புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து அழுத்திப் பார்த்தார். சூடு தாங்குமா என்று பார்க்கிறாராம். அப்புறம், “உள்ள யார் யாரும்மா போனீங்க?” என்றார். பாதித் தெரு கையைத் தூக்கியது. அவர் திட்டவில்லை. “யாருமே தொடாத எடம் எதுனா இருக்குதா?” என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. திருடன் நுழைந்த சமையலறைப் பின் ஜன்னல். சந்துப் பக்கம் யாரும் போகவில்லை.

அதுவரை நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டிருந்த நாய், ஜன்னல் கட்டையில் மூக்கை வைத்ததும் வாயைக் கப்பென்று மூடிக்கொண்டது. சிறு சிறு மூச்சாக உறிஞ்சும் சத்தம் எனக்கே கேட்டது. அவர் வாரைத் தளர்த்திவிட்டார். சந்து, குப்பைமேடு, தண்டவாளத்தை ஒட்டிய சுவர், கடைசியில் ரயில்வே கேட். கேட் வழக்கம்போல மூடியிருந்தது (அங்கே நின்றே நரைத்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள்). நாய் கேட்டைத் தாண்டப் பார்க்கவில்லை. திரும்பி டீக்கடை ஓரமாக இரண்டு சுற்றுச் சுற்றியது, தலையைத் தூக்கியது, வாயைத் திறந்து மறுபடி இரைத்தது, அவர் முகத்தைப் பார்த்தது. “நாய்க்கு ஒரு டீ சொல்லுப்பா” என்றான் ஒருத்தன். நானும் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. எஸ்.ஐ.யிடம், “இங்க வண்டி ஏறிட்டான் சார்” என்றார். எஸ்.ஐ. நாயைப் பார்க்காமல் எதிரே இருந்த மருந்துக்கடை வாசலை அண்ணாந்து பார்த்தார். அங்கே ஒரு கேமரா. இரவு 2.40-க்கு ஓர் ஆட்டோ அந்த இடத்தில் காத்து நின்றது அதில் இருந்தது. ஆறாம் நாள் ஆள் சிக்கினான், 6 சவரன் திரும்பியது.

நாய் வந்துபோன மறுநாளே பேப்பரில் செய்தி வந்தது. எங்கள் தெருப் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். அந்த வரி மட்டும் அச்சுப் பிசகாமல் இருந்தது. இந்த நாய்களையும் ஆட்களையும் நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரத்துப் பேரன்:

என் தாய்மாமா இந்த வேலையில்தான் இருந்து ஓய்வு பெற்றார். தமிழ்நாடு போலீஸின் நாய்ப் பிரிவு 1952-லேயே மெட்ராஸில் ஆரம்பித்தது என்பதை ஏதோ தன் கையால் திறந்துவைத்த மாதிரி சொல்வார்.

நீங்கள் வாய் மூடியதைக் கவனித்தீர்களே, அதைத்தான் மாமா “பூட்டுப் போட்டான்” என்பார். இரைக்கும்போது நாய்க்கு மூச்சு உடம்பைக் குளிர வைக்கப் போய்விடும், மோப்பத்துக்குப் பாதிதான் மிஞ்சும். நம்ம ஊர் மே மாத வெயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் நாயை ஓட்டுவது வீண் என்பார். பார்க்கிறவர்கள் எல்லோரும் நாயைப் பார்ப்பார்கள். ஆனால் வால் ஆட்டம் எப்போது மாறியது, காது எந்தப் பக்கம் போனது என்று படிப்பது நாயைப் பிடித்திருப்பவர் வேலை. படிக்கத் தெரியாதவன் கையில் இருந்தால் எவ்வளவு கெட்டிக்கார நாயும் வெறும் நாய்தான்.

குட்டியாக இருக்கும்போதே இன்னார் கைக்கு என்று கொடுத்துவிடுவார்கள். கூட ஓர் உதவியாளர். பயிற்சி மாதக்கணக்கில் போகும். முதல் சில வாரம் வித்தை எதுவும் கிடையாது. குளிப்பாட்டு, சீவிவிடு, விளையாடு, அவ்வளவுதான். அப்புறம்தான் சிட், ஸ்டே, ஹீல். ஹீல் என்றால் இடது காலை ஒட்டி நடக்க வேண்டும். எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டத்தில் என் அத்தை மகனைப் பார்த்து மாமா “ஹீல்!” என்று அதட்டியிருக்கிறார். அவனும் சட்டென்று இடது பக்கம் வந்து ஒட்டிக்கொண்டான்.

சந்தேகக் கோழி:

எல்லாம் சரி. காசிமேட்டு மீன் நாற்றத்திலும் கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையிலும் நாய்க்கு என்ன மோப்பம் பிடிபடும்? கஞ்சா பிடிக்கிற நாய்களுக்குக் கஞ்சா கொடுத்துப் பழக்குவார்களாமே?

ராயபுரத்துப் பேரன்:

ஐயோ, கஞ்சாக் கதையை யார் கிளப்பிவிட்டது! மாமா காதில் விழுந்தால் அடிக்க வருவார். நாய்க்குத் தேவை ஒரு பந்து, அவ்வளவுதான். அந்த வாசனை வந்த இடத்தில் பந்து கிடைக்கும் என்று பழக்கிவிடுகிறார்கள். அது தேடுவது பந்தைத்தான். கண்டுபிடிப்பது நமக்கு லாபம்.

மீன் நாற்றத்துக்கு வருகிறேன். விடியற்காலை காசிமேட்டு ஏலத்தில் நின்றிருக்கிறீர்களா? நமக்கு அது ஒரே இரைச்சல். எங்கள் ஆயா கூடையோடு அங்கேதான் நிற்கும். பத்துப் பேர் கத்தினாலும் தனக்கு வேண்டிய ஏலக்காரன் குரலை மட்டும் பிடித்துவிடும். நாய்க்கு மூக்கில் அந்த மாதிரி. மற்ற வாசனை இல்லாமல் போவதில்லை. அதை ஒதுக்கப் பழக்குகிறார்கள். மாமா பழைய சாக்கு, கருவாடு, டீசல் துணி எல்லாம் பக்கத்தில் வைத்துத்தான் பயிற்சி கொடுப்பார்.

டீச்சரம்மா, தண்டையார்பேட்டை:

2024 பிப்ரவரி 8 ஞாபகம் இருக்கிறதா? ஒரே நாளில் சென்னையில் பல தனியார் பள்ளிகளுக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்ததே. எங்கள் பள்ளிக்கு அன்று வரவில்லை. சில மாதம் கழித்து அதே மாதிரி ஒன்று வந்தது. பிள்ளைகளை மைதானத்தில் உட்கார வைத்துவிட்டு லாப்ரடார் ஒன்றை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோனார்கள். நாய் குரைத்தால் குண்டு இருக்கிறது என்று நினைத்து நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். குண்டு தேடும் நாய் குரைக்கவே கூடாதாம், பிறாண்டவும் கூடாது. சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட வேண்டும். 42 புத்தகப் பையையும் முகர்ந்தது. புளிசாத டப்பா ஒன்றில் மட்டும் ஒரு நொடி கூடுதலாக நின்றது.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். எல்லோரும் கலைந்த பிறகு சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் போனேன். உதவியாளர் ஒரு சின்ன டப்பாவைச் செங்கல் இடுக்கில் ஒளித்துவைத்தார். மற்றவர் நாயை அவிழ்த்துவிட்டார். நேராகப் போய் அதன் முன் உட்கார்ந்தது. பந்து பறந்தது, நாய் துள்ளிய துள்ளலைப் பார்க்க வேண்டுமே! ஏன் சார் என்று கேட்டேன். “தேடித் தேடி ஒண்ணும் கெடைக்கலன்னா அவன் மனசு விட்டுப்போயிடும் மேடம். அவனுக்கு இது புரளின்னு தெரியாதில்ல” என்றார். என் வகுப்புக் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் ஞாபகம் வந்தது.

ஜூனியர் வக்கீல், பாரிமுனை:

ஒரு தகவல். நாய் யார் மேல் பாய்ந்தாலும் அதை மட்டும் வைத்துத் தண்டனை கொடுக்க முடியாது. உச்ச நீதிமன்றமே இதைப் பலவீனமான சான்றாகத்தான் பார்க்கிறது. நாயைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே. அந்தப் போலீஸ்காரர்தான் வந்து சொல்ல வேண்டும். ஆக, கவ்விப் பிடித்திருந்தாலும் உங்கள் கேஸுக்கு அந்த மருந்துக்கடைக் கேமராதான் பெரிய சாட்சி.

சந்தேகக் கோழி:

சரி, வாபஸ். ஒரே ஒரு கேள்வி. திருடன் எதையுமே விட்டுவிட்டுப் போகவில்லையா? நாய்க்குக் காட்ட ஒரு செருப்பு, கைக்குட்டை?

கேட்டுக்கு இந்தப் பக்கம்:

இதைக் கேட்டுவிடுவீர்களோ என்று பயந்தேன். ஹால் நாற்காலியில் ஒரு துண்டு கிடந்திருக்கிறது. போலீஸ் வருவதற்கு முன்னாலேயே அத்தை அதைத் தம்பியுடையது என்று நினைத்துச் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டாள். மறுநாள் கொடியில் காய்ந்தபோதுதான் தம்பி, “இது யாருது?” என்று கேட்டான்.