புதுப்பிப்பு: 400 மெகாஹேர்ட்ஸில் நின்ற லப்டொப், காரணம் சார்ஜர்

என் லினக்ஸ் லப்டொப்பில் சிபியுவின் (மையச் செயலியின்) வேகம் 400 மெகாஹேர்ட்ஸைத் தாண்டுவதே இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

பலரும் சொன்னபடி, சிபியு வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னர் என்ற அமைப்பை 'பெர்ஃபோமன்ஸ்' (முழு வேக) நிலைக்கு மாற்றினேன், அசையவில்லை. லினக்ஸ் அனுமதிக்கும் வேக வரம்பைக் காட்டும் ஸ்கேலிங் மேக்ஸ் ஃப்ரீக் கோப்பில் உச்ச வேகம் சரியாகவே இருந்தது. சூடும் 50 பாகைக்குக் கீழேதான். அப்படியென்றால் லினக்ஸின் மையப்பகுதியான கேர்னல் வேகத்தைக் கேட்கிறது, வன்பொருள்தான் தர மறுக்கிறது.

அப்புறம் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஓடவிட்டேன். உடனே 3 கிகாஹேர்ட்ஸ்! திரும்பச் செருகினால் மறுபடி 400. பழையது பழுதானதும் யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடையில் வாங்கிய மாற்றுச் சார்ஜர் இது. சில லப்டொப்கள் சார்ஜரின் நடு ஊசி வழியாக அது எத்தனை வாட் என்று விசாரிக்கும். பதில் வராவிட்டால் புரொக்ஹொட் என்ற சமிக்ஞை சிபியுவை அடிமட்ட வேகத்தில் பிடித்து வைத்துவிடும். லப்டொப் தொடங்கும்போது திறக்கக்கூடிய பயோஸ் அமைப்புத் திரையில் பார்த்தேன், அடப்டர் (சார்ஜர்) வகை 'அன்னோன்' (தெரியாதது) என்றே காட்டியது.

எம்எஸ்ஆர் எனப்படும் சிபியுவின் உள் அமைப்புப் பதிவேட்டில் ஒரு பிட்டை மாற்றி அந்தச் சமிக்ஞையை அணைக்கலாம். தயவுசெய்து செய்யாதீர்கள், மற்ற உறுப்புகள் சூடேறினால் மதர்போர்ட் சிபியுவை எச்சரிப்பதும் அதே வழியில்தான். நண்பரின் ஒரிஜினல் சார்ஜரைப் போட்டதும் எல்லாம் சரி. அதே வாட்டில் புதிது ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன்.