பெரிய கிராஸ் ஸ்டிச் வேலையில் வளையத்துக்கு வெளியே தொங்கும் துணியை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி – தாமரைக்குளம்

அனைவருக்கும் வணக்கம். 14 கவுண்ட் அய்டா துணியில் (அங்குலத்துக்கு 14 கட்டங்கள் உள்ள துணி), அகலவாக்கில் 420 கட்டங்களும் உயரவாக்கில் 300 கட்டங்களும் கொண்ட ஒரு குளக்கரைப் படத்தைத் தை மாதத்தில் தொடங்கினேன். படம் மட்டுமே 30 அங்குல அகலமும் ஏறத்தாழ 21½ அங்குல உயரமும் வரும். சுற்றிலும் 3 அங்குலம் விட்டிருப்பதால், 36க்கு 27½ அங்குலத் துணி எப்போதும் மடியில் கிடக்கிறது. தைக்கும் இடத்தை இறுக்கிப் பிடிக்க என்னிடம் இருப்பதோ 8 அங்குல மர வளையம். வெளியே உள்ள துணியை இதுவரை அப்படியே தொங்கவிட்டுத்தான் தைத்துவந்தேன். அது தரையில் புரண்டு அழுக்காவதும் மின்விசிறிக் காற்றில் கைமேல் வந்து விழுவதும் ஒருபுறமிருக்க, சென்ற வாரம் வளையத்துக்கு அடியில் மடிந்துகிடந்த துணியையும் சேர்த்தே இரண்டு வரிசை தைத்துவிட்டேன். வளையத்தைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. அறுபது தையல்களுக்கு மேல் பிரிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. ஓரத்தை ஓர் அங்குலமாகக் குறைத்து வெட்டிவிட்டால் சுமை குறையுமா, அல்லது வேறு வழி உண்டா?

பதில் 1 – ஊசிக்காரி

வணக்கம் சகோதரி. ஓரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். படத்தைச் சட்டம் போடும்போது, துணியை அட்டையின் பின்புறம் மடித்து நூலால் இழுத்துக் கட்ட இரண்டு மூன்று அங்குலமாவது வேண்டும். கரையோரக் கட்டங்களைத் தைக்கும் நாளில் வளையம் பிடித்துக்கொள்வதற்கும் அந்த ஓரம்தான் உதவும். அதோடு, மடியில் கிடக்கும் பாரத்தில் பெரும்பகுதி படத்துக்குரிய துணியே. ஓரத்தைக் குறைப்பதால் தொல்லை அவ்வளவாகக் குறையாது.

நான் செய்வது சுருட்டிக் கட்டுவது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று, எந்தப் பக்கமாகச் சுருட்டுகிறோம் என்பது. இயல்பாகக் கை கீழ்நோக்கித்தான் சுருட்டும். அப்படிச் செய்தால் சுருள் வளையத்துக்கு அடியில் போய் நிற்கும், உங்களுக்கு நேர்ந்தது மறுபடியும் நேரும். துணியின் ஓரத்திலிருந்து மேல்நோக்கி, அதாவது நல்ல பக்கம் உள்ளே போகும்படி, வளையத்தின் விளிம்புவரை சுருட்டிக்கொண்டு வாருங்கள். பின்புறம் வெறுமையாக இருப்பதால் ஊசி எதிலும் சிக்காது; வெளியே தெரிவது துணியின் பின்பக்கமாகையால், தைத்து முடித்த பகுதியில் கைபடவும் படாது. முதலில் மேலும் கீழும் சுருட்டி, பிறகு இரு பக்கங்களையும் சுருட்டினால் மூலைகள் அடங்கி நிற்கும்.

சுருளைப் பிடிக்கத் தலைமுடிக்குப் போடும் பிளாஸ்டிக் கிளிப்புகளே போதும். காகிதங்களுக்குப் போடும் இரும்புக் கிளிப்பு வேண்டாம். மழைக்காலத்து ஈரத்தில் அது விட்டுச்செல்லும் துருக்கறை எந்தச் சோப்புக்கும் மசியாது. இரவில் வளையத்தையும் கிளிப்புகளையும் கழற்றி வைத்துவிடுங்கள், தழும்பு விழாது.

பதில் 2 – நூல்கண்டு

மேலே அக்கா சொன்ன முறையில் எனக்கு ஒரே குறை, நூல் ஒவ்வொரு முறையும் கிளிப்பின் பற்களில் மாட்டிக்கொள்வதுதான். அதனால் நான் எலாஸ்டிக் உறை ஒன்றைத் தைத்துக்கொண்டேன். 8 அங்குல வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ 25 அங்குலம். 27 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் உள்ள பருத்தித் துணியின் இரு நீளவாக்கு ஓரங்களையும் மடித்துத் தைத்து, ஒவ்வொன்றிலும் 19 அங்குல எலாஸ்டிக் கோத்து, முனைகளை இணைத்தால் ஒரு பட்டை கிடைக்கும். சுருட்டிய துணியின்மேல் அதை மாட்டிவிட்டால், சுருள்கள் அனைத்தும் அதற்குள் அடங்கிவிடும். தலைக்கு எண்ணெய் தடவும் நம் வீடுகளில் இந்த உறை இல்லாமல் வெள்ளைத் துணியை வெள்ளையாக வைத்திருப்பது கடினம். உறை அழுக்கானால் அதை மட்டும் துவைத்தால் போதும்.

பதில் 3 – குறுக்கும்நெடுக்கும்

இவ்வளவு பெரிய படத்துக்கு வளையமே வேண்டாம் என்பது என் கருத்து. மேலும் கீழும் உருளைக் கட்டைகள் உள்ள ஸ்க்ரோல் ஃப்ரேமில் துணியைக் கோத்துச் சுற்றிவிட்டால், தைக்கும் பகுதி மட்டுமே வெளியே நிற்கும். ஆனால் உங்கள் துணியின் 36 அங்குலப் பக்கத்தைக் கட்ட அதைவிட நீளமான கட்டைகள் வேண்டும். அவ்வளவு பெரிய சட்டத்தை மடியில் வைத்துத் தைக்க இயலாது, தாங்கி தேவைப்படும். அதைத் தவிர்க்க, துணியைப் பக்கவாட்டில் திருப்பி 27½ அங்குலப் பக்கத்தை 30 அங்குலக் கட்டையில் கட்டலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. துணியைக் கால்வட்டம் திருப்பியதும் தையலின் சாய்வும் மாறிவிடும். இதுவரை மேல்தையலை (பெருக்கல் குறி போன்ற ஒவ்வொரு தையலிலும் மேலே வரும் சாய்கோட்டை) வலப்பக்கம் சாய்த்துப் போட்டிருந்தால், திருப்பிய நிலையில் இடப்பக்கம் சாய்த்தே போட வேண்டும். மறந்துவிட்டால், பழைய பகுதியும் புதிய பகுதியும் வெளிச்சத்தில் வெவ்வேறு நிறம்போலத் தெரியும். எனக்கு ஒரு நீல வானம் அப்படித்தான் இரண்டாகப் பிரிந்தது.

கட்டையில் சுற்றிய தையல்கள் சற்று நசுங்குவதும் உண்மை. வேலை முடிந்ததும் அலசி, தடித்த துண்டின்மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் இஸ்திரி போட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

கேள்வி கேட்டவர் – தாமரைக்குளம்

மூவருக்கும் நன்றி. சாய்வு மாறும் செய்தியைப் படித்ததும் ஃப்ரேம் எண்ணத்தைக் கைவிட்டேன். பாதியில் கையின் பழக்கத்தை மாற்ற எனக்குத் துணிவில்லை. பழைய தலையணை உறை ஒன்றை வெட்டி எலாஸ்டிக் பட்டை தைத்து, துணியை மேல்நோக்கிச் சுருட்டி நான்கு நாள்களாகத் தைத்துவருகிறேன். பின்புறம் கை தடையின்றிப் போய்வருகிறது. படத்தின் இடப்பக்க மேல்மூலையில் தைப்பதால் வலப்பக்கச் சுருள் மட்டும் முழங்கையளவு தடித்து மணிக்கட்டில் இடிக்கிறது. வளையத்தை நடுப்பகுதிக்கு நகர்த்தும்போது அது சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். அதுவரை அந்தப் பக்கச் சுருளை மேசைமேல் சாய்த்துவைத்துத் தைக்கிறேன்.