இக்கோரியாவின் லூரஸ் கார்டை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி (ஏப்ரல் 2020)

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு விளையாட்டின் இக்கோரியா தொகுப்பு இம்மாதம் 16ஆம் தேதி மேஜிக் ஆன்லைனில் வந்தது முதல், அதிலுள்ள பத்து கம்பேனியன் கார்டுகளில் ஒன்றான லூரஸை எந்த அளவுகோலால் அளப்பது என்று விளங்காமல் இருக்கிறேன். விலை மூன்று மானா (கார்டுகளை விளையாடச் செலவிடும் ஆற்றல்). அவற்றில் இரண்டை வெள்ளையாகவோ கறுப்பாகவோ கொடுக்கலாம். 3/2 உடலும் (தாக்கும் வலிமை 3, தாங்கும் வலிமை 2), அது விளைவிக்கும் சேதத்தின் அளவுக்கு நமக்கு உயிர்ப்புள்ளி தரும் லைஃப்லிங்கும் உண்டு. நம் முறை ஒவ்வொன்றிலும், இரண்டு மானாவுக்கு மேற்படாத ஒரு பெர்மனென்டை (களத்தில் நிலைத்து நிற்கும் கார்டை) கிரேவ்யார்டிலிருந்து, அதாவது பயன்பட்ட கார்டுகளின் குவியலிலிருந்து, மீண்டும் விளையாடலாம். இதுவரை பழகிய கதைதான். ஆனால் டெக்கில் உள்ள எந்த பெர்மனென்டும் இரண்டு மானாவைத் தாண்டாவிட்டால், லூரஸ் டெக்குக்கு வெளியே காத்திருந்து, ஆட்டத்தில் ஒரு முறை அங்கிருந்தே களமிறங்கலாம் என்கிறது புதிய கம்பேனியன் விதி. மாடர்ன் என்ற ஆட்டவகையில் சிவப்பு-வெள்ளை பர்ன் டெக் ஆடும் நான், சைடுபோர்டின் (ஆட்டங்களுக்கிடையே மாற்றிக்கொள்ளும் துணைக் கார்டுகளின்) 15 இடங்களில் ஒன்றை இதற்கு ஒதுக்கலாமா?

மறுமொழி 1

என் கருத்தில் வேண்டாம். பர்ன் என்பது எதிராளியின் 20 உயிர்ப்புள்ளிகளை விரைவில் கரைக்கும் டெக். மூன்று மானாவை ஒரே உயிரினத்தில் போட்டுவிட்டு, அதுவும் மூன்று சேதம் தரும் ஒரு மானா கார்டான லைட்னிங் போல்ட் ஒன்றுக்கே சாய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த வேகத்துக்குப் பொருந்தாது. சைடுபோர்டில் ஒரு இடம் குறைவதும் சிறிய இழப்பன்று.

மறுமொழி 2

மேலே சொன்னவர் லூரஸை டெக்குக்குள் இருக்கும் கார்டாகவே எண்ணி மதிப்பிடுகிறார். அங்கேதான் கணக்கு பிசகுகிறது. 60 கார்டு டெக்கில் நான்கு பிரதிகள் வைத்த கார்டுகூட முதல் ஏழு கார்டுகளில் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம்தான். லூரஸோ ஒவ்வொரு ஆட்டத்திலும் எட்டாவது கார்டாக உங்களுடன் இருக்கிறது. தாட்சீஸ் போன்றவற்றால் எதிராளி உங்கள் கையிலிருப்பதைப் பிடுங்கலாம், இதைத் தொட முடியாது. கிணற்றுத் தண்ணீரை வெள்ளம் கொண்டுபோகாது என்பார்களே, அப்படி.

ஆகவே, இந்த 3/2 உடல் நல்லதா என்பதைவிட, அதன் நிபந்தனைக்காக நம் டெக் எதை இழக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பர்னின் உயிரினங்களில் கோப்ளின் கைடும் ஸ்விஃப்ட்ஸ்பியரும் ஒரு மானா, ஐடலான் இரண்டு. ரிஃப்ட் போல்டின் விலை மூன்று என்றாலும் அது ஒருமுறை பயன்பட்டு கிரேவ்யார்டுக்குப் போகும் சோர்சரி, பெர்மனென்ட் அன்று; ஆதலால் நிபந்தனை அதைத் தீண்டுவதில்லை. முதன்மை டெக்கில் ஒரு கார்டைக்கூட மாற்ற வேண்டியதில்லை! கை காலியாகி, மேலிருந்து வரும் கார்டையே நம்பி உட்கார்ந்திருக்கும் ஐந்தாவது முறையில், இறந்த கோப்ளின் கைடோடு லூரஸ் திரும்பி வருவதை எண்ணிப் பாருங்கள். பர்னிலேயே இப்படியென்றால், விலையே இல்லாத மிஷ்ராஸ் பாபிளை முறைதோறும் மீட்டு, முறைக்கு ஒரு கார்டு கூடுதலாக எடுக்கும் டெக்குகளில் இது என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேட்டவர் (மே 2020)

லூரஸைச் சேர்த்தேன், இனி எடுப்பதாக இல்லை. ஆனால் ஓர் ஐயம். ஏறக்குறைய எல்லாக் கார்டுகளையும் அனுமதிக்கும் விண்டேஜ் ஆட்டவகையில் ஒரு கார்டு மிகுந்த வலிமை பெற்றால், அதை ஒரே பிரதியாகக் கட்டுப்படுத்துவதுதானே வழக்கம்? மே 18 அன்று லூரஸை முழுவதுமாகவே தடை செய்தது ஏன்?

மறுமொழி 2

ஏனெனில் கம்பேனியனாக இருப்பதற்கு ஒரு பிரதியே போதும். ஒன்றாகக் கட்டுப்படுத்தினால் எதுவும் மாறாது. லூரஸின் விலை மூன்று என்பதால், அதை டெக்குக்குள் வைத்தால் அதன் நிபந்தனையை அதுவே மீறிவிடும் என்பது தனி வேடிக்கை. மேலும், விண்டேஜில் பிளாக் லோட்டஸ் உண்டு. அதைப் பலியிட்டு மூன்று மானா பெற்று, அதே லோட்டஸை முறைதோறும் கிரேவ்யார்டிலிருந்து இலவசமாக எடுத்தால் எதிரில் இருப்பவர் என்ன செய்வார்?

மறுமொழி 1 (மார்ச் 2022)

பழைய இழையைத் தோண்டுவதற்கு மன்னிக்கவும்; 'வேண்டாம்' என்று முதலில் எழுதியவன் நான். 2020 ஜூன் 1 அன்று விதியை மாற்றி, மூன்று மானா கொடுத்துக் கம்பேனியனை முதலில் கைக்கு எடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். விண்டேஜில் 2021 பிப்ரவரியில் தடையை நீக்கும் அளவுக்கு அந்த மாற்றம் போதுமாயிருந்தது. ஆனால் மாடர்னில், இரண்டு தவணையாக ஆறு மானா கேட்ட பிறகும், லூரஸ் குறையவில்லை. இம்மாதம் 7ஆம் தேதி மாடர்னிலும் பயனியர் என்ற ஆட்டவகையிலும் அதைத் தடை செய்துவிட்டார்கள்.

நான் அன்று கவனிக்கத் தவறியது, லூரஸ் வெளியே நிற்பதாலேயே மூன்று மானா பெர்மனென்டுகள் பல டெக்குகளிலிருந்து வெளியேறும் என்பதை. லூரஸ் டெக்குகளில் மூன்று மானா கார்டான லிலியானா ஆஃப் த வெயிலுக்கு இடமே இல்லாமல் போனது. என்னுடைய நான்கு லிலியானாக்களும் ஈராண்டாகப் பெட்டியில் கிடந்தன. நேற்றிரவுதான் எடுத்து உறை மாற்றினேன்.