சாமுராய்க்கு டொயோட்டா ஆக்ஸில்: 33 அங்குல டயருக்கு 4.88 போதுமா, 5.29 வேண்டுமா?

ஆற்றுமணல் (சாக்ரமெண்டோ, கலிஃபோர்னியா) கேட்டது:

வணக்கம். என்னிடம் 1987-ஆம் ஆண்டின் சுசூகி சாமுராய் இருக்கிறது. கார்புரேட்டர் வைத்த 1.3 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர், கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பெட்டியின் சுழற்சியை இரு ஆக்ஸிலுக்கும் பிரித்துத் தரும், ஹை, லோ என இரு நிலைகள் உள்ள பெட்டி), வில்பட்டைகளை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றி உயர்த்திய உடல், 31 அங்குல டயர். ஆண்டுக்கு நான்கைந்து முறை லூன் ஏரிப் பக்கமாக ரூபிகான் என்ற மலைப் பாறைத் தடத்தில் இறங்குவேன். என்னிடம் டிரெய்லர் இல்லாததால் வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டிச் சென்று, பாறைகளில் ஏற்றி இறக்கி, மறுபடியும் ஓட்டியே வீடு திரும்ப வேண்டும்.

சென்ற பருவத்தில் முன் ஆக்ஸிலின் இடப்பக்க பர்ஃபீல்டு மூட்டு (திரும்பும் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) இரண்டு முறை உடைந்தது. மூன்றாம் முறை மூட்டு தாங்கியது, ஆக்ஸில் நடுவிலுள்ள பெரிய பற்சக்கரமான கிரவுனின் பல் போயிற்று. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஓர் இடத்தில் 1983 டொயோட்டா பிக்கப்பின் முன், பின் ஆக்ஸில்களை இணையாக வாங்கிவிட்டேன். இரண்டிலும் 4.10 விகிதம் உள்ளது, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் 4.10 முறை சுற்ற வேண்டும். இவற்றோடு 33 அங்குல டயருக்கு மாற எண்ணம். கியரை 4.88 ஆக்குவதா, 5.29 ஆக்குவதா? டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் வேகத்தை இன்னும் இறக்கும் லோ கியர் தனியே வாங்க வேண்டுமா, அல்லது 5.29 போட்டால் அந்தச் செலவு மிச்சமாகுமா? இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் எதைக் கவனிக்காமல் விட்டு வருந்தினீர்கள் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெவாடா பட்டறை:

ஆக்ஸில் கியரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியரும் ஒரே வேலையைச் செய்கின்றன என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஆக்ஸில் விகிதம் நெடுஞ்சாலையிலும் பாறையிலும் ஒரே அளவில் உங்களோடு வரும். டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ நிலையோ பாறையில் மட்டுமே வேலை செய்யும். ஆகவே ஆக்ஸில் விகிதத்தைச் சாலைக்காகவும், லோ விகிதத்தைப் பாறைக்காகவும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். சாமுராயுடன் வந்த 205/70 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 668 மில்லிமீட்டர், ஆக்ஸில் விகிதம் 3.73. டயர் 838 மில்லிமீட்டர், அதாவது 33 அங்குலம் ஆகும்போது பழைய இழுவையை அப்படியே திரும்பப் பெற 4.68 வேண்டும். கடையில் கிடைப்பவற்றில் அதற்கு அடுத்தது 4.88. இந்த வண்டியில் ஹை நிலையிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் 1.409 மடங்கு இறக்கம் தருகிறது என்பதைப் பலர் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அதையும் ஐந்தாம் கியரின் 0.795-ஐயும் சேர்த்துப் பெருக்கினால், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பழைய அமைப்பு ஏறத்தாழ 2,980 சுற்றில் ஓடியது. 33 அங்குல டயரோடு 4.10 என்றால் 2,620, 4.88 என்றால் 3,110, 5.29 என்றால் 3,380. முதலாவதில் எஞ்சின் சிறு ஏற்றத்திலும் திணறி, நீங்கள் நான்காம் கியரிலேயே வாழ நேரும். கடைசியில் சொன்னது ஓடும், ஆனால் காதுக்கு ஓய்வு இருக்காது.

இனிப் பாறை. முதல் கியர் 3.652, லோ 2.268, ஆக்ஸில் 3.73 என்ற பழைய பெருக்கம் 31-க்குச் சற்றுக் குறைவு. எஞ்சின் 800 சுற்றில் சும்மா ஓடும்போது அசல் டயரில் வண்டி மணிக்கு 3.3 கிலோமீட்டர் நகரும். 33 அங்குல டயரும் 5.29-ம் மட்டும் போட்டால் அது 2.9 ஆகும், இவ்வளவு செலவழித்தும் பாறையில் கிடைக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். மாறாக 4.88-உடன் டிரான்ஸ்ஃபர் கேஸில் 4.16 லோ கியரைப் போட்டால் பெருக்கம் 74 ஆகி, வேகம் 1.7-க்கு இறங்கும். கிளட்சை மிதிக்காமல், பிரேக்கைத் தொடாமல், ஒவ்வொரு கல்லாகப் பார்த்து ஏறலாம்.

இன்னொன்று: கிரவுனைச் சுழற்றும் சிறிய பற்சக்கரம்தான் பினியன். 4.10 கிரவுனில் பினியனுக்குப் பத்துப் பல், 4.88-ல் எட்டு, 5.29-ல் ஏழு. விகிதம் ஏற ஏறப் பினியன் சிறுத்து வலுவும் குறைகிறது. வலுவுக்காக ஆக்ஸிலை மாற்றிவிட்டு அதன் நடுவே மெலிந்த பினியனை வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

சியரா மலையடி:

பட்டறை நண்பரின் கணக்கில் தவறில்லை. ஆனால் அது கடல்மட்டத்துக் கணக்கு. லூன் ஏரி ஏறத்தாழ 1,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்து, கார்புரேட்டர் எஞ்சின் தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இழந்துவிடும். இந்த எஞ்சினிடம் புதிதாக இருந்தபோதே அறுபத்து மூன்று குதிரைத்திறன்தான் இருந்தது. அதோடு டொயோட்டா ஆக்ஸில்களின் கூடுதல் எடை, 33 அங்குல டயரின் எடை, உயர்த்திய உடல் வாங்கும் காற்று ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய இழுவையைத் திரும்பப் பெற 4.68 என்பது பழைய எடைக்கும் பழைய காற்றெதிர்ப்புக்கும் உரிய எண்.

நான் மூன்று ஆண்டுகளாக 5.29 ஓட்டுகிறேன். 50-ஆம் நெடுஞ்சாலையின் ஏற்றத்தில் நான்காம் கியரைப் பிடித்துக்கொண்டு லாரிகளுக்கு இணையாகப் போக முடிகிறது, 4.88 வைத்திருந்த என் நண்பர் அதே இடத்தில் மூன்றாம் கியருக்கு இறங்குவார். சமவெளியில் சத்தம் அதிகம் என்பது உண்மைதான், அதற்குப் பழகிவிட்டேன். பினியன் இதுவரை உடையவில்லை. இவ்வளவு சிறிய எஞ்சின் டொயோட்டாவின் 8 அங்குல கிரவுனை உடைக்க வேண்டுமென்றால் ஓட்டுநரும் கொஞ்சம் உதவ வேண்டும்.

கோவை ஜிப்சி:

கேள்வி அமெரிக்க வண்டியைப் பற்றியதாக இருந்தாலும் எங்கள் மாருதி ஜிப்சி அதே குடும்பம் என்பதால் எழுதுகிறேன். ஆக்ஸிலை மாற்றுவதற்கு முன், மாற்றத்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசித்திருக்கலாம். 31 அங்குல டயரிலேயே நின்று, குரோமோலி எஃகில் செய்த வலுவான மூட்டுகளையும் லோ கியரையும் மட்டும் போட்டிருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும். என் வண்டியில் மூட்டு உடைந்த ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங் முழுதாகத் திரும்பிய நிலையில் நான்தான் ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறேன். பெருக்கம் குறைவாக இருந்ததால் வேகத்தைக் கொண்டு பாறையைத் தாண்ட முயன்றதன் விளைவு அது. மெதுவாக ஏற முடிந்த பின் உடைவதும் நின்றது.

இங்கே படிக்கும் நம்மூர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை எடுத்துக்காட்டி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே டொயோட்டா ஆக்ஸில் போட்ட ஜிப்சியை லாரியில் ஏற்றித்தான் போட்டி இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படிப் போகும் வண்டிக்கு நெடுஞ்சாலைச் சுற்றுக்கணக்கே தேவையில்லை; 5.29-ஐத் தயங்காமல் போடலாம்.

நெவாடா பட்டறை:

சியரா நண்பர் சொன்ன உயரத்தின் விளைவை ஏற்கிறேன். ஆனால் மூன்றாம் கியருக்கு இறங்குவது தோல்வி அல்ல, கியர்பெட்டி இருப்பதே அதற்காகத்தான். ஆண்டில் ஐந்து முறை ஏறும் மலைக்காக, மற்ற நாளெல்லாம் சமவெளியில் 3,400 சுற்றில் ஓட்ட வேண்டுமா என்பதை வண்டிக்காரர்தான் முடிவுசெய்ய வேண்டும். கோவை நண்பர் சொன்னது முழு உண்மை. 33 அங்குலம் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்த ஆக்ஸில்களை விற்றுவிடுங்கள், வாங்க ஆள் இருக்கும்.

மாற்றுவதே உறுதி என்றால், பலர் சறுக்கும் இடங்களைச் சொல்கிறேன். சாமுராயைப் போலவே டொயோட்டாவின் முன் டிஃபரன்ஷியலும் (கிரவுனும் பினியனும் இருக்கும் பகுதி) வலப்பக்கம் ஒதுங்கியிருப்பதால் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் நேராக அமையும். இந்த ஆக்ஸில்கள் இவ்வளவு விரும்பப்படுவதற்கு அதுவே முதல் காரணம். பின்னால் அப்படியல்ல. சாமுராயில் பின் டிஃபரன்ஷியலும் வலப்பக்கம் இருக்கும், டொயோட்டாவில் நடுவில் இருக்கும். எனவே ஷாஃப்ட் பக்கவாட்டிலும் சாய்ந்து ஓடும். 2,030 மில்லிமீட்டர் வீல்பேஸில் (முன், பின் சக்கரங்களின் இடைவெளி) அந்த ஷாஃப்ட் ஏற்கெனவே குட்டையானது. பின் ஆக்ஸிலைச் சற்றுப் பின்னே தள்ளி வைத்தால் கோணமும் குறையும், செங்குத்து ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கும் பழக்கமும் குறையும்.

ஆக்ஸில்மேல் உள்ள வில்பட்டைத் தாங்கிகளை வெட்டி இடம் மாற்றும்போது அவசரப்பட்டு முழுதாகப் பற்றவைத்துவிடாதீர்கள். புள்ளிப் பற்றாக வைத்து, வண்டியின் முழு எடையையும் டயர்மேல் இறக்கி, முன்னால் காஸ்டர் கோணத்தையும் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) பின்னால் பினியன் கோணத்தையும் அளந்த பிறகே முழுப்பற்று வைக்க வேண்டும். நான் முதல் வண்டியில் எடையில்லாமல் அளந்து பற்றவைத்து, பிறகு இரண்டு நாள் கிரைண்டரோடு உட்கார்ந்து அதை வெட்டினேன்.

டொயோட்டாவின் முன் பிரேக் காலிப்பர்கள் பெரியவை. சாமுராயின் மாஸ்டர் சிலிண்டர் அவற்றுக்குத் தேவையான எண்ணெயை ஒரே மிதியில் தள்ளாது, பெடல் ஆழம்வரை போகும். ஆகவே பெரிய துளையுள்ள மாஸ்டர் சிலிண்டருக்கும் இப்போதே பணம் ஒதுக்குங்கள். சாமுராய் சக்கரத்துக்கு ஐந்து போல்ட், டொயோட்டாவுக்கு ஆறு. ஸ்டெப்னி உட்பட ஐந்து ரிம்களும் புதிதாக வேண்டும்.

4.16 கியர் போடுவோருக்கு ஒரு தனி எச்சரிக்கை. இந்த வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பெட்டியோடு ஒட்டியிராமல் தனியே ரப்பர் தாங்கிகளில் தொங்குகிறது. லோவில் முறுக்கம் ஏறியதும் அது திரும்ப முயன்று தாங்கியைக் கிழிக்கும். வலுவான தாங்கி போடாமல் கியரை மட்டும் மாற்றாதீர்கள். சில கியர் தொகுதிகள் ஹை நிலையையும் சற்று இறக்கும். அப்படியானால் ஆக்ஸில் விகிதக் கணக்கை மறுபடியும் போட வேண்டும்.

ஆற்றுமணல்:

மூவருக்கும் நன்றி. கோவை நண்பரின் பதிவைப் படித்ததும் உண்மையிலேயே ஒரு நாள் தயங்கினேன். என் இரண்டு உடைப்புகளும் ஸ்டியரிங் திரும்பிய நிலையில், கேடிலாக் ஹில் ஏற்றத்தில் நடந்தவைதான். இருந்தாலும் கிரவுன் பல் போனது நேர் ஓட்டத்தில், அதனால் ஆக்ஸில் மாற்றத்தைக் கைவிடவில்லை.

இரண்டு ஆக்ஸிலுக்கும் 4.88 சொல்லிவிட்டேன். ஹை நிலையை மாற்றாத 4.16 தொகுதி ஒன்றையும், வலுவூட்டிய தாங்கியையும் சேர்த்து வாங்குகிறேன். வேகமானி டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஓடுவதால் அதற்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 4.88-ம் 33 அங்குலமும் சேர்ந்தால் முள் 100 காட்டும்போது உண்மை வேகம் 96, அதைத் திருத்தவே தேவையில்லை. பின் ஆக்ஸிலை எவ்வளவு பின்னே தள்ளலாம் என்பதை எரிபொருள் தொட்டியின் இடத்தை அளந்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை பற்றவைப்பு எதுவும் இல்லை, புள்ளிப் பற்று மட்டும்தான்.