16 அச்சு ஷ்னாபெல் வேகன்: வளைவு முடியும் இடத்தில் ஒரே போகி மட்டும் தடம் புரள்கிறது

பித்தளைக்கம்பி:

வணக்கம். 1:87 அளவில், 16.5 மி.மீ. பாதைக்கு ஒரு மாதிரி ரயில் வண்டி, ஷ்னாபெல் வேகன், கட்டிக்கொண்டிருக்கிறேன். பெட்டியில் வாங்கிய கிட் இல்லை. சக்கரங்கள் தவிர எல்லாம் கையால் செய்தது.

இந்த வகை வண்டியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதற்கு மேடை கிடையாது. இரண்டு பாதிகள் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கை நீண்டு வந்து சுமையை இரு பக்கமும் கவ்விக்கொள்ளும். ஜெர்மன் மொழியில் ஷ்னாபெல் என்றால் பறவையின் அலகு. சுமையே வேகனின் நடு உடம்பாகிவிடும். சுமை இல்லாதபோது இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று கோத்து ஓட்டுவார்கள். க்ரூப் நிறுவனம் 1980இல் கட்டிய சி.இ.பி.எக்ஸ். 800 என்ற 36 அச்சு வண்டியின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பைத்தியம். அது காலியாகவே 70 மீட்டருக்கு மேல்; 1:87இல் 81 செ.மீ. வரும். என் பாதைக்கு அது அதிகம். அதனால் 16 அச்சோடு நிறுத்திக்கொண்டேன்.

அமைப்பு இதுதான். பாதிக்கு நான்கு போகிகள், அதாவது இரண்டிரண்டு அச்சுகளைத் தாங்கித் திரும்பும் சிறு சட்டங்கள். இரண்டிரண்டு போகிகளை ஒரு சிறிய பாலம் சேர்க்கிறது. இரண்டு சிறிய பாலங்களை ஒரு பெரிய பாலம் சேர்க்கிறது. அதன் நடுவில்தான் கை உட்கார்ந்து திரும்புகிறது. கையின் சுழல்புள்ளியிலிருந்து அடுத்த கையின் சுழல்புள்ளி வரை 310 மி.மீ. மொத்த நீளம் 450 மி.மீ. சுமை, ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டில் செய்த 110 மி.மீ. நீள மின்மாற்றி.

பிரச்சினைக்கு வருகிறேன். நேர்ப்பாதையில் அருமையாக ஓடுகிறது. 600 மி.மீ. ஆர வளைவுக்குள்ளும் ஒழுங்காக நுழைகிறது. வளைவு முடிந்து நேர்ப்பாதை தொடங்கும் இடத்தில், பின்பாதியின் இரண்டாவது போகி ஏறி வெளியே விழுகிறது. எப்போதும் அதே போகி, அதே இடம். கைக்குள் 60 கிராம் ஈயம் வைத்துப் பார்த்தேன், இன்னும் மோசமானது. மூன்று வார மாலைகள் இதிலேயே போய்விட்டன. எங்கே தேடுவது என்று சொல்லுங்கள்.

சரக்குமுனை:

முதலில் சக்கரங்களை அளந்து பாருங்கள். ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே, உட்பக்கம் 14.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். 14 என்றால் பாதை பிரியும் பாயிண்ட்டில் ஏறிவிடும். இரண்டாவது, எடை. அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரை இந்த அளவுக்கு ஒரு அவுன்ஸ், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். உங்கள் 450 மி.மீ.க்கு சுமார் 280 கிராம் வரும். இப்போது எவ்வளவு இருக்கிறது?

பித்தளைக்கம்பி:

16 அச்சையும் அளந்தேன். எல்லாம் 14.4, ஒன்று மட்டும் 14.3. எடை ஈயத்தோடு 290 கிராம். அதில் குறை இல்லை என்றே நினைக்கிறேன்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த வளைவில் வெளித் தண்டவாளத்தை அரை மி.மீ. உயர்த்தியிருக்கிறேன், ரயில் சாய்ந்து போவது அழகாக இருக்கும் என்று. வளைவு முடியும் இடத்தில் அது மெல்ல இறங்கிச் சமமாகிறது.

கரித்தூள்:

மறந்ததாகச் சொன்னீர்களே, அதில்தான் விடை இருக்கிறது.

வெளித் தண்டவாளம் இறங்கும் அந்த ஒரு சாண் நீளத்தில் பாதை முறுக்கியிருக்கிறது. முன்னால் இருக்கும் போகி சமதளத்தில் நிற்கும்போது பின்னால் இருப்பது இன்னும் சாய்ந்திருக்கும். உங்கள் நான்கு போகிகளும் பாலங்களோடு இறுகித் திருகப்பட்டிருந்தால், இடவலமாக ஒன்று சாய மற்றது விடாது. ஏதாவது ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். தொங்கும் சக்கரத்தின் விளிம்புக்குத் தண்டவாளத்தின் பிடி இல்லை. எடை வைத்தால் ஏன் மோசமானது என்பதும் இதே கதைதான். கூட்டிய எடை தொங்கும் போகிக்குப் போகாது. ஏற்கெனவே ஊன்றி நிற்பவற்றின் மேல்தான் போய் உட்காரும்.

சோதனை சுலபம். வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பின்னால் ஒரு விளக்கை வையுங்கள். சிகரெட் தாள் போல மெல்லிய தாளை வெட்டி ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் நுழைத்துப் பாருங்கள். எங்கே தாள் தடையில்லாமல் போகிறதோ அதுதான் குற்றவாளி.

சரி, தீர்வு. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலி ஆடும். உங்கள் வண்டியின் ஒவ்வொரு அடுக்கையும் முக்காலியாக்க வேண்டும். ஒரு பாலம் இரண்டு போகிகளின் மேல் உட்கார்கிறது அல்லவா? அதில் ஒரு போகி இடவலமாகச் சாயாமல், முன்பின்னாக மட்டும் அசைய வேண்டும். மற்றது எந்தப் பக்கமும் அசையலாம். சாயக் கூடாத போகிக்கு, சுழல்திருகின் இரண்டு பக்கமும் 0.8 மி.மீ. பித்தளைக் கம்பித் துண்டுகளைக் குறுக்காக ஒட்டுங்கள். பாலம் அந்தக் கம்பிகளின் மேல் உட்காரும். முன்பின் ஆடும், பக்கவாட்டில் சாயாது. அசையக்கூடிய போகிக்குத் திருகைச் சுற்றி ஒரே ஒரு சிறிய வாஷர் போதும். அதன் விளிம்பை அரத்தால் உருட்டி விடுங்கள். திருகைக் கால் சுற்று தளர்த்தி, கழன்றுவிடாதபடி ஒரு துளி பெயின்ட் வையுங்கள்.

பிறகு மேலே போங்கள். பெரிய பாலத்தின் அடியில் இரண்டு சிறிய பாலங்கள். அங்கேயும் ஒன்று கம்பி, ஒன்று வாஷர். கடைசியில் இரண்டு பாதிகளும் கைகளைத் தாங்கும் இடம். அங்கேயும் ஒரு பாதி கம்பி, மறுபாதி வாஷர். எந்த அடுக்கிலும் இரண்டும் வாஷராகக் கூடாது, வண்டி குடைசாயும். நான் முதலில் கட்டிய 12 அச்சு வண்டியில் இதைத்தான் செய்தேன். மின்மாற்றி பக்கவாட்டில் விழுந்து ஒரு மூலை உடைந்தது.

அடுத்த வண்டியோடு இணைக்கும் கப்ளரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? கடைசிப் போகியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். பின்னோக்கித் தள்ளும்போது அந்தப் போகி கோணிக்கொண்டு ஏறும். வெளிப்பக்கச் சிறிய பாலத்தில் வையுங்கள்.

வளைவில் நடுப்பகுதி எவ்வளவு உள்ளே வரும் என்றும் கணக்குப் போட்டுவிடுங்கள். சுழல்புள்ளிகளின் இடைவெளியைத் தன்னாலேயே பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் போதும். உங்களுக்கு 310ஐ 310ஆல் பெருக்கி 4800ஆல் வகுத்தால் 20 மி.மீ. மின்மாற்றியின் அகலத்தில் பாதியை இதோடு கூட்டுங்கள். உட்பக்கச் சிக்னல் கம்பம் அதற்கு அப்பால் இருக்க வேண்டும்.

தகடுவெட்டி:

பாதிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அந்தக் கைகளை எப்படிச் செய்தீர்கள்? ஸ்டைரீன் தகடுகளை நாலா பக்கமும் மூடிப் பெட்டியாக ஒட்டியிருந்தால் கவனம் தேவை. ஒட்டும் திரவம் உள்ளே அடைபட்டு ஆவி வெளியேற வழியில்லாமல் மாதக்கணக்கில் தகட்டை இளக்கிக்கொண்டே இருக்கும். கை மெதுவாக வாழைப்பழம் போல வளையும். கண்ணில் படாத அடிப்பக்கத்தில் 2 மி.மீ. துளைகள் போட்டு விடுங்கள்.

ஈயத்தை எதால் ஒட்டினீர்கள்? வெள்ளைப் பசையாக இருந்தால் இன்றே சுரண்டி எடுங்கள். ஈயக்குண்டுகளும் அந்தப் பசையும் சேர்ந்தால் நாளடைவில் பூத்துப் பெருகி, பெட்டியையே பிளந்துவிடும். எபாக்சி பாதுகாப்பானது.

பித்தளைக்கம்பி:

கரித்தூள் அண்ணா, தாள் சோதனை செய்தேன். இரண்டாவது போகியின் இடது முன்சக்கரத்தின் அடியில் தாள் தடையே இல்லாமல் போய் அந்தப் பக்கம் வந்தது. விளக்கு வெளிச்சத்தில் தண்டவாளத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே முடி அளவு வெள்ளைக் கோடு தெரிந்தது. மூன்று வாரமாகத் தேடியது அந்தக் கோட்டைத்தான். மனசு நிறைந்துவிட்டது.

எட்டுப் போகிகளையும் கழற்றினேன். கம்பித் துண்டுகளை ஒட்டிக் காயவிட்டு, இன்று மாலை ஓட்டினேன். வேகமாகவும் மெதுவாகவும் 40 சுற்று. ஒருமுறை கூட இறங்கவில்லை. போகிகள் ஒவ்வொன்றாகத் தலையசைத்து அந்த முறுக்கைக் கடந்துபோவதைத் தரையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்ளரைப் பாலத்துக்கு மாற்றியதும் பின்னோக்கித் தள்ளவும் முடிகிறது. உட்பக்கச் சிக்னலை மட்டும் 6 மி.மீ. தள்ளி நட்டேன்.

தகடுவெட்டி சொன்னதும் சரி. இடது கையை நேர்க்கோல் வைத்துப் பார்த்தால் ஒரு மி.மீ. வளைந்திருக்கிறது. அதைப் பித்தளையில் மறுபடி செய்யப்போகிறேன். ஈயம் எபாக்சியில்தான் இருக்கிறது.

அடுத்து என்ன என்றும் முடிவாகிவிட்டது. கூலமையர் டிரெய்லர். ரயில் வேகனையே தூக்கி வைத்துச் சாலையில் இழுத்துப் போனார்களே, ஜெர்மனியில், 1933இல் காட்டிய அந்த 16 சக்கர வண்டி. திண்ம ரப்பர் டயர்கள், எல்லாச் சக்கரமும் திரும்பும். அந்தத் திருப்பும் அமைப்பை 1:87இல் வேலை செய்ய வைக்க முடியுமா?

கரித்தூள்:

முடியும், ஆனால் எல்லாச் சக்கரமும் திரும்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். முதல் வண்டிக்குச் சக்கரங்களை ஒரு லேசான வளைவில் திருப்பிய நிலையிலேயே ஒட்டிவிடுங்கள். நிற்கும் காட்சிக்கு அது போதும். ஒரே சக்கரத்தைக் கடைசல் செய்து, அச்செடுத்து, 16 பிரதி ரெசினில் வார்த்தால் எல்லாம் ஒரே அளவாக வரும். மூன்று நான்கு கூடுதலாக வார்த்துக்கொள்ளுங்கள், சிலவற்றில் காற்றுக்குமிழி விழும். டயருக்குக் கறுப்பு வேண்டாம், அடர் சாம்பல். மேலே வைக்கப்போகும் வேகனை முதலில் எடையில்லாமல் கட்டுங்கள். ஸ்டைரீன் அச்சுகள் வருடக்கணக்கில் பாரம் தாங்கினால் நடுவில் தொய்ந்துவிடும். அச்சுக்கு 1 மி.மீ. எஃகுக் கம்பி போடுங்கள்.